கத்திக்கு முன் ஒரு தலையசைப்பு

எனக்குக் கித்துள் பனையில் காய்ச்சும் பாணி என்றால் உயிர். ஒரு சட்டி எருமைத் தயிரும் இருந்துவிட்டால் வேறெதுவும் வேண்டாம். ஆனால் கண்டியில் இத்தனை வருடமாக மயக்கமருந்து டொக்டராக இருந்தும் ஒரு நோயாளிகூட எனக்குப் பாணி கொண்டுவந்ததில்லை. வந்ததெல்லாம் வெட்டித் தைக்கிற சேர்ஜன் நவரட்ணராஜாவுக்கே. தெல்தெனியவிலிருந்து பாணி, புசல்லாவையிலிருந்து தேயிலை, எங்கிருந்தோ பலாப்பழம். அவருடைய கார் டிக்கியை இரண்டு பேர் அமுக்கித்தான் மூடுவார்கள்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வராத வலிக்கு யார்தான் நன்றி சொல்வார்கள்?

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வது என் வேலை. நோயாளி விழித்தபடியே கிடப்பார். மருந்து பிடிக்கச் சற்று நேரம் செல்லும். பிடித்ததும் நான் தலையசைப்பேன். அதைப் பார்த்த பிறகுதான் சேர்ஜன் கத்தி வைப்பார்.

புசல்லாவை ராஜலிங்கம் குடலிறக்கத்துக்கு வந்த அன்று எனக்குக் கழுத்து உளைந்தது. மருந்து பிடிக்குமுன்பே தலையை அசைத்துவிட்டேன்.

"ஐயா, வலிக்குதுங்க."

"அது மனப்பிரமை, தம்பி," என்றார் சேர்ஜன்.

"பிரமை இல்லீங்க, கத்திங்க."

நான் ராஜலிங்கத்தின் கையைப் பிடித்து, "இருங்க, வலியை எடுத்துவிடுறன்," என்றேன். அதற்குள் மருந்தும் பிடித்துவிட்டது. சாமியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். தையல் பிரிக்க வந்தபோது எனக்கென்று ஒரு போத்தல் பாணி கொண்டுவந்தார். சேர்ஜனுக்கு ஒன்றுமில்லை.

அதன் பிறகு என் கழுத்து அடிக்கடி உளைந்தது. பசித்தவனுக்குத்தானே சோறு ருசிக்கும். என் அலுமாரி நிறைந்தது. சேர்ஜனின் டிக்கியை இப்போது ஒருவரே மூடினார்.

பிறகு சேர்ஜனுக்கே மூலவியாதி முற்றியது. வெட்ட இருந்தவர் அவருடைய மாணவி துஷாந்தி.

"ஐசே, ஊசி நீர்தான் போடவேணும். வேற ஒருத்தரையும் நான் நம்பமாட்டன்," என்றார் சேர்ஜன்.

நெகிழ்ந்துபோனேன். இவ்வளவு மதிக்கும் மனிதர் என் வேலையை ஒருமுறையாவது முழுமையாக அறிய வேண்டாமா? அவர் முதுகில் வெறும் உப்புநீரைத்தான் ஏற்றினேன். உண்மையான மருந்து என் சட்டைப்பையில் இருந்தது, அவர் வாய்விட்டுக் கேட்டதும் கொடுக்க.

"ஐசே, காலை ஆட்டக்கூடியதாய்க் கிடக்கு."

"அது மனப்பிரமை, சேர்."

துஷாந்தி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

சேரின் குரல் கண்டி வாவிவரை கேட்டதாகச் சொல்கிறார்கள். அது மிகை. வாகனத் தரிப்பிடம்வரைதான் கேட்டது. அவர் என் வலக்கையைப் பற்றிய பற்றில் இரண்டு விரல்கள் முறிந்தன. அதனால்தான் பையிலிருந்து மருந்தை எடுக்க முடியவில்லை. என்னை அவ்வளவு இறுக்கமாக யாரும் பிடித்ததே இல்லை.

விசாரணைக் குழுவினரே, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்தை இடக்கையால்தான் போட வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்: சேர் வீட்டிலிருந்து எனக்குப் போத்தல் ஏதும் வந்ததா?