அப்பா எழுந்து நின்ற சனிக்கிழமை

பை-டூ காபிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சார். ஒரு காபியை இரண்டு டம்ளரில் ஊற்றி எதிராளிக்குப் பாதி தருகிற ஊரில் கெட்டவர்கள் அதிகம் இருக்க முடியாது என்பது என் கட்சி. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாயிரத்தொன்றில் எங்கள் தொழிற்சாலை எனக்கு விருப்ப ஓய்வு கொடுத்தது. விருப்பம் அவர்களுடையது. வீட்டில் என் ஜோக்குகளுக்குச் சிரிப்பதை ராஜலக்ஷ்மி கல்யாணமான புதிதிலேயே நிறுத்திவிட்டாள். காலையில் அவள் பாங்குக்குப் போனால், நான் பேப்பரில் வரி விளம்பரங்கள்வரை படித்து முடிப்பேன். அப்படியிருக்கையில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது இடுப்பை முறித்துக்கொண்டார். எனக்கு வேலை கிடைத்தது.

நன்றாகவே பார்த்துக்கொண்டேன். பெட்பேன், கரைத்த ரசஞ்சாதம், முதுகுக்குப் பவுடர், காதுக்குள் வளர்கிற முடியை வெட்டிவிடுவது, எல்லாம் நான்தான். பெற்ற பிள்ளை செய்யாததை எல்லாம் செய்தேன் என்று சொல்ல வந்தேன். பெற்ற பிள்ளையே நான்தான் என்பதால் அந்த வசனம் எடுபடவில்லை.

மல்லேஸ்வரத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு கூட்டம் நடக்கும். வீட்டில் படுத்துவிட்ட பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டு அழலாம். நான் அவர்களைச் சிரிக்க வைத்தேன்.

"எங்கப்பா ஆராவமுதன், ரிட்டயர்டு அண்டர் செக்ரட்டரி. பெட்பேன் வேணும்னாக்கூட த்ரூ ப்ராப்பர் சேனல்தான் கேப்பார்" என்றேன். மாமியாரைப் பார்த்துக்கொள்கிற ராதாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"பத்ரி சார், நீங்க வராத வாரம் எங்க மாமியாரை மாடியிலேருந்து தள்ளிடலாமான்னு இருக்கு" என்றாள்.

ஒரு கிழவியின் உயிர் என் ஜோக்கை நம்பி இருந்தது. பொறுப்பு சார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். வீட்டுப் பெரியவர் தேறினாலும் சரி, போய்ச் சேர்ந்தாலும் சரி, பார்த்துக்கொண்டவருக்குச் சால்வை போர்த்தி, கைதட்டி வழியனுப்பிவிடுவார்கள். அப்புறம் வரக்கூடாது, நாற்காலி அடுத்தவருக்கு. அர்ஜுனன் என்பவர் சால்வையோடு வெளியே வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றதை நான் பார்த்தேன்.

அப்பா தேற ஆரம்பித்தார்.

"நடீத்தாரே சார்! தீபாவளிக்குள்ள கேட் வரைக்கும் நடந்துடுவாரு" என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட் கோவிந்தப்பா. நல்ல மனிதர். அப்பாவைத் தங்கை வீட்டுக்கு அனுப்புகிறோம், இனி வரவேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். காலை ஊன்றவே கூடாது என்பது டாக்டர் ஆர்டர் என்று அப்பாவிடமும் ராஜலக்ஷ்மியிடமும் சொன்னேன். வேறு கிழவராக இருந்தால் ஏன், எதற்கு என்று குடைந்திருப்பார். இவர் ஆயுள் முழுக்க விதான சௌதா தலைமைச் செயலகத்தில் மேலிடத்து உத்தரவுக்குத் தலையாட்டியவர்.

"ஆர்டர்னா சரி. ரிவ்யூ எப்போ?" என்று மட்டும் கேட்டார்.

"பெண்டிங்ப்பா."

இருவரும் சிரித்தோம். சந்தோஷமான வீடு சார் எங்களுடையது.

போன சனிக்கிழமை, கூட்டத்துக்குக் கிளம்பிச் சட்டையை மாட்டிக்கொண்டு அறைக்குள் போனேன். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். நான் வெளியே போகிற நேரமெல்லாம் நிற்கப் பழகியிருக்கிறார். வாழ்க்கையில் முதன்முறையாக ஆர்டரை மீறிய பெருமை முகத்தில் தெரிந்தது.

"டேய் பத்ரி, நின்னுட்டேன் பார்றா. பாவம், எனக்காக நீயும் அடைஞ்சு கிடந்தே. இனிமே எங்க வேணா போடா. நீ ஃப்ரீ."

கம்பியிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். பலவந்தமெல்லாம் இல்லை. பிறகு தோளில் லேசாகக் கை வைத்துத் தள்ளினேன். வயதானவர்களுக்கு லேசே போதும். இந்தத் தடவை இடது இடுப்பு.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன். தாமதம்தான், ஆனாலும் நாற்காலியை வைத்திருந்தார்கள். அன்று ஜோக் எதுவும் சொல்லவில்லை. ராதா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அப்பா சொன்னதைக் கேட்டுத்தான் என் தங்கை பாமா உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் எழுதிக் கொடுத்ததில் ஒரு வரிகூடப் பொய் இல்லை, மறுக்க மாட்டேன். ஆனால் நோயாளியைப் பார்த்துக்கொள்வது வேறு வித்தை சார், அது அவளுக்குக் கைவராது. நேற்று வார்டுக்குப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் அப்பா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். உள்ளே உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் பாமா. அவருக்குக் குளிர்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் போய் ஃபேனை நிறுத்தினேன்.