குதிரைத் தளபதியின் அங்கி

பனிக்காலம். பின்னேரம் ஐந்து மணிக்கே கும்மிருட்டு. நகரத்து ஓரத்தில் இருக்கிற மில்லிக்கன் தாண்டி வடக்கே போனால், கடை கண்ணி எல்லாம் முடிந்து, ஈ காக்கை இல்லாத ஒரு தெரு... அங்கேதான் இது நடந்தது. வேறு யாருக்குமில்லை, நம்முடைய றெஜினாவின் மச்சாள் யூஜினிக்கு. கிட்ட வந்து இருங்கள். போனை அணைத்து வையுங்கள்.

யூஜினியின் புருசன் மாக்கஸுக்கு அந்தத் தெருவில் ஒரு குதிரைப் பண்ணையில் வேலை. பண்ணை வயலில் ஒரு படம் பிடித்தார்கள். இங்கிலாந்தின் பழைய உள்நாட்டுப் போர். நடிகனுக்குக் குதிரையைக் கண்டாலே குலை நடுக்கம். அதனால் குதிரைப்படைத் தளபதியின் அங்கியை மாக்கஸுக்கு மாட்டிக் குதிரையில் ஓடவிட்டார்கள். அங்கி நிசமானது. ஏலத்தில் எடுத்ததாம்.

அந்தத் தளபதியின் கதையையும் படக்காரர் சொன்னார்கள். முன்னால் பாய்ந்து எதிரியின் குதிரைகளைச் சிதறடிக்க வேண்டும், உடனே திரும்பி வந்து தன் காலாட்களைக் காக்க வேண்டும். அதுதான் அவன் வேலை. பாய்ந்தான்... சிதறடித்தான்... ஓடினவர்களைத் துரத்தித் துரத்தி வெட்டுகிற ருசியில் திரும்பவேயில்லை. அவனை நம்பி ஈட்டியும் துவக்குமாய் நின்ற அத்தனை பேரையும் நின்ற இடத்திலேயே குத்திக் கிழித்தார்கள். நாசமாய்ப் போவான்.

கடைசி நாள் ஷூட்டிங் முடிந்து மாக்கஸ் குதிரையை நடத்தி வந்தான். வெடிமருந்து மணத்தது. கூடவே பச்சை இரத்தம். நடிகர்கள் எல்லாரும் போய்விட்ட வயல் முழுக்க ஆட்கள் கிடந்தார்கள். குடல் சரிந்தவர்கள், தாடை இல்லாதவர்கள். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். பயத்தில் வாய் பழக்கத்துக்கு உளறிவிட்டது.

“போட்டு வாறன்.”

செத்த வீட்டில் நாங்கள் யாராவது போய் வருகிறேன் என்று சொல்வோமா? பேசாமல்தானே எழும்பி வருவோம்... அங்கியைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு ஓடி வந்தான்.

அன்றிரவு டோர்செட் பார்க் பகுதியில், அவர்களுடைய அப்பார்ட்மென்ட் நடையில்... டொக்... டொக்... ஈட்டிக் காம்புகள் தரையில் இடிக்கிற சத்தம். விடிய எழும்பினால் யூஜினியின் தொடையில் ஒரு குத்து. எலும்பு தெரிந்தது. கதவு பூட்டினபடியே இருந்தது.

“வாறனெண்டு சொல்லிப்போட்டன், யூஜினி. போகாட்டி உன்னை உயிரோட விடமாட்டாங்கள்.”

“உங்களுக்கென்ன விசரே? நானும் வாறன்!”

பின்னேரம், தொடையில் கட்டோடு நொண்டி வந்தவளை வேலியடியில் நிறுத்திவிட்டு, அங்கியோடு குதிரையில் ஏறி வயலுக்குள் போனான். அவள் கண்ணுக்கு வெறும் பனிதான் தெரிந்தது. நடுவில் குதிரை மிரண்டு நின்றது. ஏதோ அவனைக் கீழே இழுத்தது. ஒரு கை ஒரு பக்கம், மற்றக் கை மற்றப் பக்கம்... தோள்மூட்டு கழன்ற சத்தம் வேலிவரை கேட்டது. பிறகு துவக்குப் பிடியால் இடிக்கிற சத்தம். சத்... சத்... பனி சிவந்தது. அவன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான்.

யூஜினி உதவிக்கு ஆள் தேடித் திரும்பினாள். கைக்கெட்டும் தூரத்தில் வேறொரு குதிரை. மேலே அதே அங்கியில், வாளோடு ஒருவன். அந்தக் குளிரில் அவன் வாயிலிருந்து ஆவி வரவில்லை. யாரென்று அவளுக்கு விளங்கிவிட்டது. அவன் காலைக் கட்டிப்பிடித்தாள்.

“ஒருக்கா அங்க போங்கோ ஐயா... உங்களைத்தான் தேடுறாங்கள்!”

அவன் வயலைப் பார்த்தான். அவளைப் பார்த்து, சரி என்று தலையாட்டினான்.

பிறகு குதிரையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.