வீட்டு ஆள்

என் மகள் சின்னுவுக்குத் தலை வாரிவிடுவது எனக்கு எப்போதுமே பிடிக்கும். சீப்பு பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு என் மேல் சாய்ந்துவிடுவாள். வயது பதின்மூன்று ஆனாலும் பேச்சும் விளையாட்டும் நாலு வயதுப் பிள்ளை மாதிரிதான். அப்படிப்பட்டவளை எவ்வளவு பொத்திப் பொத்தி வளர்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், மேடம். தெருவில் விளையாட விட்டதில்லை. பக்கத்து வீட்டுக்குக்கூட அனுப்பியதில்லை. பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சு பேசக் கூடாது என்று மட்டும் பழக்கியிருந்தேன்.

அவள் அப்பா எங்களை விட்டுப் போன பிறகு என் தம்பி வந்து தங்கினான். நான் லாண்டரியில் துணி தேய்க்கும் நேரமெல்லாம் அவன் முன்னறையில் செல்போன் ரிப்பேர் பார்ப்பான். பள்ளி விட்டு வரும் சின்னுவுக்கும் அவன்தான் துணை.

பள்ளிக்குப் புதிதாக வந்த டீச்சர் ஒரு பாடம் நடத்தினாள். பிடிக்காதபடி யாராவது தொட்டால் உள்ளங்கையை நீட்டி "வேண்டாம்" என்று சொல்ல வேண்டுமாம். ஒன்றும் தெரியாத பிள்ளை மனதில் இதையெல்லாம் எதற்காக நுழைக்க வேண்டும்? சின்னு முதலில் சோப்புக்கும் போர்வைக்கும் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் என் தம்பியிடம் சொன்னாள். அப்போது சிரிக்கவில்லை.

"என்னக்கா, புதுசா என்னென்னமோ பழகிட்டு வர்றா?" என்றான் அவன், தலை நிமிராமல். நான் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

டீச்சர் என்னை வரச்சொன்னாள். "சின்னு வீட்டுக்குப் போகமாட்டேன்னு அழறா. கையில விரல் தடம் இருக்கு. மாமான்னு சொல்றா. நான் இதை மேல சொல்லியாகணும்" என்றாள்.

"அவ ஃபேன் காத்துக்கே வேண்டாம்னு சொல்வா, டீச்சர். அவ பேச்சைப் போய் பெருசா எடுத்துக்கிறீங்களே."

அன்றே தலைமையாசிரியரிடம் போய், அந்தத் தடம் டீச்சருடையது, பிள்ளைகளைப் பிடித்து முறுக்குகிறாள் என்று சொன்னேன். மற்ற பெற்றோரையும் சேர்த்துக்கொண்டேன். டீச்சரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். சின்னுவையும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டேன். அந்தச் சொல்லை மறக்கவைப்பதுதான் பெரும்பாடு. கையை நீட்டும்போதெல்லாம் அவள் முன்னால் இருக்கும் சாப்பாட்டுத் தட்டை எடுத்துவிடுவேன். சில வாரங்களில் கை நீள்வது நின்றது. பேச்சும் நின்றுவிட்டது. வீடு அமைதியானது.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று என் தம்பி ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னானாமே. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்லியிருப்பான். அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதற்கு முன்பே, ஒருநாள் லாண்டரியில் மின்சாரம் போய்விட்டதால் நான் சீக்கிரம் திரும்பினேன். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளிருந்து சின்னுவின் குரல் கேட்டது. "வேண்டாம் மாமா." டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு எழுத்தையும் திருத்தமாகச் சொன்னாள்.

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். பாத்திரம் எதுவும் கழுவ இல்லை. குரல் ஓயும்வரை தண்ணீர் ஓடியது. இப்போது எந்தக் குழாயைத் திறந்தாலும் தண்ணீருக்கு அடியில் அந்தக் குரல் கேட்கிறது.

ஏன் கதவைத் தட்டவில்லை என்று கேட்கிறீர்கள். தட்டியிருந்தால் தம்பி வீட்டை விட்டுப் போயிருப்பான், மேடம். அப்புறம் யாரோ ஒரு வெளியாளை நம்பி அவளை எப்படி விட்டுவிட்டுப் போவேன்?