திரும்பி வரும் டிராக்டர்கள்

பழைய டிராக்டரில் முதலில் கெடுவது, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோதான் இன்ஸ்பெக்டர் ஐயா. நான் பழுதுபார்த்து விற்ற வண்டிகளில் ஆறு மாதத்துக்குள் அது கட்டாயம் கெடும். நானே அப்படித்தான் விடுவேன்.

பேராசை என்று எழுதிவிடாதீர்கள். தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் எனக்குச் சம்பளம் உண்டு. துரைமார் கழித்துப்போட்ட வண்டிகளை ஞாயிறுகளில் சரிசெய்து விற்பது பக்கவேலை. பழுதென்று திரும்பி வந்தவனிடம் ஒரு காசு வாங்கியதில்லை. அம்பாங்கான் டவுனிலிருந்தெல்லாம் வருவார்கள், கோப்பி குடித்து, ஊர்க்கதை பேசிப் போவார்கள். மலாயா முழுக்க அவசரகாலம் என்று எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்ட பிறகு அதுவும் குறைந்தது. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனுக்குச் சுவரா பேச்சுத்துணை?

நல்லசாமி மட்டும் தவறாமல் வந்தான். ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவன், என்னிடம் தொழில் கற்றான். நாலு வருடத்தில் எட்டு வண்டி சேர்ந்து செய்தோம். "அண்ணனுக்குப் பொண்ணு பார்த்தா ஸ்பேனர் புடிக்கத் தெரிஞ்சவளாத்தான் பார்க்கணும்" என்பான். என்னைக் கேலி செய்ய அவன் ஒருவன்தான் இருந்தான்.

பெண்டாட்டியோடு தோட்டத்தை விட்டுப் போவதென்று, ஒன்பதாவது வண்டியைத் தன் பங்காக எடுத்துக்கொண்டான்.

"அண்ணே, லெட்சுமிக்கு இங்க பயமா இருக்காம். மந்தின்ல வீடு பார்த்தாச்சு. இத வாடகைக்கு ஓட்டிப் பொழச்சுக்கலாம்லா."

"நல்லா இரு தம்பி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவன் கைகழுவப் போனபோது பிரேக் கம்பியின் பின்னைப் பாதி உருவிவைத்தேன். பட்டறை வாசலிலேயே கம்பி கழன்று வண்டி வாய்க்காலில் இறங்கும், முன்னச்சு வளையும், இன்னும் நாலு ஞாயிறு என்னோடு இருப்பான். இவ்வளவுதான் என் கணக்கு. மேக்னெட்டோ என்றால் ஐந்து நிமிடத்தில் அவனே சரிசெய்து போயிருப்பான்.

கழன்றது தோட்டத்துக் கேட்டுக்கு முந்தைய இறக்கத்தில். முந்தின வாரம்தான் பக்கத்துத் தோட்டத்துத் துரையைக் காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் சுட்டிருந்தார்கள். கேட்டில் நிற்காத வண்டியைச் சுட உத்தரவு. அது எனக்கும் தெரியும். நல்லசாமி கையை அசைத்துக் கத்தினானாம். காவலர்கள் ஐந்து முறை சுட்டார்கள்.

கொன்றது அவர்கள் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை, கொன்றது சன்னாசியாகிய நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

காலையிலிருந்து பொறுமையாகக் கேட்கிறீர்கள். இவ்வளவு நேரம் யாரும் என்னோடு உட்கார்ந்து நாளாயிற்று. கையெழுத்து இன்றைக்கு வேண்டாமே ஐயா. மற்ற எட்டு வண்டிகளில் ஒன்றைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது. நாளைக்கு வாருங்கள், சொல்கிறேன்.