ரெண்டு ஓட்டை தள்ளி

உங்க வாட்ச்சத் தெறக்கிறேன் சார், தெறக்கிறேன். கத்தி கையிலதான இருக்கு. மொதல்ல காப்பியக் குடிங்க. ஆறிப்போச்சுன்னா எம் பொண்டாட்டி கிருபாவதி என்னையத்தான் வைவா. வீட்டுக்கு வந்தவுகளுக்கு வாட்ச்சக் காட்டியே பட்டினி போடுறேன்னு அவளுக்கு எம்மேல ரொம்ப நாளா ஒரு பிராது.

என்ன கேட்டீக? பழைய வாட்ச் சேக்குறது இன்னமும் சந்தோசமா இருக்கான்னா? நல்லாக் கேட்டீக போங்க. நீங்க பேங்குக்கு மாத்தலாகி வந்து மூணு மாசம், இந்தப் பைத்தியம் பிடிச்சு ஒரு மாசம். நான் பம்புசெட்டு சாமான் கடையில ஒக்காந்துக்கிட்டுப் பதினெட்டு வருசமாச் சேக்குறேன். இப்ப எல்லாப் பயலும் பேட்டரி வாட்ச்சக் கட்டிக்கிட்டு, பொத்தான அமுக்கி லைட்டு எரியவிட்டுத் திரியிறான். அதனால பழசெல்லாம் சல்லிசாக் கெடைக்குது. ஆனா கெடைக்கிறதுல இல்ல சார் ருசி. பின்மூடியத் தெறக்குறதுல இருக்கு. ரிப்பேருக்குப் போறப்பல்லாம் ரிப்பேர்காரன் உள்பக்கம் ஊசியால பொடிசாக் கீறி வப்பான். அவன் பேரு எழுத்து, தேதி. கட்டியிருக்கவனுக்கே அது தெரியாது. கோட்டயத்துல ஒரு கீறல், கம்பத்துல ஒரு கீறல், அப்பறம் தேனியில ஒண்ணு. ஒரு மனுசன் எங்கெங்க அலைஞ்சான்னு படிச்சிரலாம். அதுக்கு மயங்கித்தான் இம்புட்டு வருசம் போச்சு.

இதால ஒரு தங்கச்சி போச்சு, அத விட்டாச் சந்தோசந்தான். ஆமா சார், கூடப் பெறந்தவ. ஞானபாக்கியம். இதே தெருக் கடைசியில பச்சைக் கதவு போட்ட வீடு. பதினோரு வருசமாப் பேச்சு வார்த்தை இல்ல. அத அப்பறம் சொல்றேன்.

நல்ல வாட்ச்தான் சார், இல்லைன்னு சொல்லல. ஃபேவர் லூபா. டயல் மஞ்சப் பூத்துருக்கு, பரவால்ல. நாலுக்குப் பக்கத்துல தவிட்டு நெறத்துல ஒரு கறை இருக்கு பாருங்க. தண்ணி எறங்குன கறை. எங்கப்பாட்ட இதே மாதிரி ஒண்ணு. லோயர் கேம்ப் பவர் ஹவுஸ்ல சிப்டு ஆப்பரேட்டர் அவுக. பேரு ஞானதுரை. மணிக்கொருதரம் மீட்டரைப் பாத்து நோட்டுல எழுதணும். செவுத்துல இம்மாம்பெரிய கடியாரம் தொங்கும், அதத் திரும்பிப் பாக்க மாட்டாக. கையத் திருப்பித்தான் பாப்பாக. ஒரு ஐப்பசி மழையில நனைஞ்சு வந்து, அதுலயும் நாலுக்குப் பக்கத்துல கறை விழுந்துருச்சு. ரெண்டு வாட்ச்சுல ஒரே எடத்துல கறை இருக்கக் கூடாதா? இருக்கலாம்ல.

அந்த வாட்ச்சா? அது எங்கப்பா கையிலதான் இருக்கு. அவுகளப் பாக்கணுமா? பாக்கலாம், பாக்கலாம்.

ஆமா சார், பயந்தான். பின்ன எதுக்கு இம்புட்டு நேரமாக் கத்திய வச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கேன்? எங்கப்பா வாட்ச்ச நாந்தான் கொண்டுபோயி ரிப்பேர்காரர் சீனிச்சாமிட்டக் குடுத்துக் கழுவி எண்ண போட்டு வாங்கியாந்தேன். அவரு உள்ள கீறி வச்சது எனக்கு மனப்பாடம். சீ, மூணு, ஒம்போது, அறுவத்தாறு. இதுக்குள்ள அது இல்லைன்னா உங்களவிட எனக்குத்தான் சந்தோசம். கிருபாட்டச் சொல்லி உங்களுக்குக் கறிச்சோறே ஆக்கிப் போடுறேன்.

அது சரி, யாருட்ட வாங்குனீக? போடியிலயா? போடியில யாரு?

ஏலக்காய்க் கடை கர்ணனா.

எங்கிட்ட காட்ட வேணாம்னு சொன்னானா? பொறாமப்படுவேன்னா? ம். சொல்லட்டும், சொல்லட்டும். நீங்கதான் மனசு கேக்காம, வாட்ச் தெரிஞ்ச ஆளுட்ட ஒரு வார்த்த கேப்போம்னு வந்துட்டீக. உங்க மேல தப்பே இல்ல சார்.

கர்ணன்தான் எனக்கு இந்தப் பழக்கத்த உண்டாக்குனவன். மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போறவன், எஸ்டேட்டுக்காரங்க கழிச்சுப் போடுற வாட்ச்செல்லாம் மடியில கட்டிக்கிட்டு வருவான். மொத வாட்ச்ச எனக்குச் சும்மாதான் குடுத்தான். ஞாயித்துக்கெழம நான் சர்ச்சு முடிஞ்சு வர்றதுக்குள்ள வந்து ஒக்காந்துருப்பான். இந்தா நீங்க இருக்கீகளே, இதே நாக்காலி. பாதி வாட்ச் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எம் பொண்டாட்டிக்குத் தெரியாத கவல கூட அவனுக்குத் தெரியும். நாளைக்கு ஞாயித்துக்கெழம. வருவான்.

சரி. வர்றது வரட்டும். இங்கன கொஞ்சம் நகத்தி வைங்க அந்த லைட்ட. பைய நெம்புனாப் போதும்... வந்துருச்சு. இந்தாங்க லென்ஸ், கண்ணுல வச்சுக்கிட்டு நீங்களே படிங்க. எனக்குக் கண்ணு கலங்கலா இருக்கு. ஓரத்துல, மூடி வளையிற எடத்துல பாருங்க.

சீ.

மூணு. ஒம்போது. ம். அறுவத்தாறு. அம்புட்டுத்தான் சார், குடுங்க மூடிருவோம். தூசி போயிரும்.

எங்கப்பாவப் பாக்கணும்னீகளே, நாளைக்குச் சர்ச்சு முடிஞ்சு வாங்க, கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். எழுவத்தி மூணுல எறந்துட்டாக. இந்த வாட்ச்சோடதான் சார் பொதைச்சோம்.

ஒக்காருங்க, ஒக்காருங்க. உங்கள எதுவும் சொல்லல. கடைசிப் பத்து நாளும் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு மணி என்னடா, மணி என்னடான்னே கெடந்தாக. சிப்டுக்கு நேரமாச்சாம். கண்ணும் தெரியல, நான் கையப் பிடிச்சு மணி சொல்லுவேன். அப்பத்தான் அடங்குவாக. அதான் எனக்கு மனசு வரல. வாட்ச் இல்லாம அனுப்பக் கூடாதுன்னுட்டேன். கர்ணன் ஒத்துக்கவே இல்ல. அண்ணே, இப்பேர்ப்பட்ட சாமானப் போயி மண்ணுக்குள்ள போடுவாகளான்னு எங்கூடச் சண்ட போட்டான். நான் பிடிவாதமா நின்னேன். அப்பறம் அவனே எறங்கி வந்தான். சரிண்ணே, ஆனா யாருக்கும் தெரியக் கூடாது, தெரிஞ்சா ராத்திரியே எவனாச்சும் தோண்டிருவான், பெட்டிய மூடுறதுக்குச் செத்த முந்தி நானே கட்டிவிட்டுர்றேன்னான். ரோசன நல்லாத்தான இருந்துச்சு? நானே எங்கையால அவன்ட்டக் குடுத்தேன்.

கல்லறையில கடைசி மொகம் பாக்குறப்ப என்னால நிக்க முடியல, ஆளுக தாங்கிக்கிட்டாக. அவன்தான் குனிஞ்சான். அப்பா கோட்டுக் கைய நல்லா எறக்கிவிட்டான். நான் பாத்தேன் சார், எறக்கிவிட்டதப் பாத்தேன். வந்து எங்காதுல என்ன சொன்னான் தெரியுமா? அண்ணே, கை ரொம்ப மெலிஞ்சு போச்சுண்ணே, ரெண்டு ஓட்டை தள்ளி மாட்டியிருக்கேன்னான். அதக் கேட்டுத்தான் சார் நான் வெடிச்சு அழுதேன். அதுவர அழுகையே வரல எனக்கு.

இந்த வாட்ச் வாரப் பாருங்க. அதே தோல் வாரு. மூணாவது ஓட்டையில மட்டும் மடிஞ்ச தடம் இருக்கா? எங்கப்பா கட்டுன ஓட்டை அது. ரெண்டு தள்ளி அஞ்சாவதப் பாருங்க. அதுல ஊசி நொழஞ்சதே இல்ல. திருடுனதக் கூட விட்டுருவேன் சார். செருப்பால அடிச்சிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன். அந்த ரெண்டு ஓட்டையத்தான் தாங்க முடியல. அத எதுக்குச் சொல்லணும் அவன்? அத யாரு கேட்டா?

பதினோரு வருசம் இத எவனுக்கும் காட்ட முடியாம, தனியா எடுத்துச் சாவி குடுத்துப் பாத்துருக்கான். அதுல என்ன சந்தோசத்தக் கண்டான்? நீங்க கேட்டீகளே ஒரு கேள்வி, அத அவன்ட்டப் போயிக் கேளுங்க. போன வருசம் மழையில்லாம ஏலச் செடியெல்லாம் கருகிப் போச்சு, அவனுக்கு நெருக்கடி. நீங்க வெளியூரு, இன்னொரு ஊருக்கு மாத்தலாகிப் போயிருவீக. அதான் உங்கட்ட தள்ளிவிட்டான். ஏலே, எங்கிட்டக் கேட்டிருந்தாக் கடைய வித்தாவது குடுத்துருப்பேனேடா.

தங்கச்சியா? அதான் சார் விசயமே. அப்பா வாட்ச்ச அவ மகனுக்குக் கேட்டா. அப்பாவோட போயிருச்சு ஆத்தான்னேன். நம்பல. வாட்ச்சக் கண்டா வாயப் பொளக்குறவன் மண்ணுக்குள்ளயா போடுவான், வீட்டுப் பொட்டிக்குள்ள ஒளிச்சு வச்சுருக்கன்னுட்டா. கர்ணனத்தான் சாச்சிக்குக் கூட்டிட்டுப் போனேன். அக்கா, எங்கையால நானே கட்டிவிட்டேன்னு அவ மூஞ்சியப் பாத்துச் சொன்னான் சார். கை மெலிஞ்ச கதையவும் சொன்னான். ரெண்டு பைத்தியமும் சேந்து நாடகம் போடுறீகளான்னு கேட்டுக் கதவச் சாத்துனவதான். அவ மகன் கல்யாணத்துக்கும் எனக்குப் பத்திரிக்க வரல. பொய்ப் பழி போடுறா, அண்ணனையே சந்தேகப்படுறாளேன்னு நானும் வீம்பா இருந்துட்டேன். அவ சொன்னதுல பாதி நெசம் சார். வாட்ச் மண்ணுக்குள்ள இல்ல.

நாளைக்குக் கர்ணன் வந்தா என்ன கேப்பேன்னு தெரியல. காப்பியக் குடுத்துட்டு மணி என்னடான்னு கேப்பேனோ என்னமோ.

வேணாம் சார். நீங்க நல்ல மனுசன், அதுக்காக வாட்ச்ச எங்கிட்டக் குடுத்துட்டுப் போகாதீக. காசும் வேணாம், ஒண்ணும் வேணாம், எடுங்க அத. இது இந்த வீட்டுக்குள்ள ஒரு நா இருந்துச்சுன்னாக் கூட ஞானபாக்கியம் சொன்னது முழுசும் நெசமாயிரும். அப்பறம் நான் கர்ணனப் பத்தி என்ன சொன்னாலும் எவன் நம்புவான்? நானே நம்ப மாட்டேன்.

கட்டிக்கங்க. மூணாவது ஓட்டையிலயே உங்களுக்குச் சரியா இருக்கு பாருங்க. போறப்ப அந்தப் பச்சைக் கதவத் தாண்டித்தான் போகணும். இந்நேரம் வாசல்ல ஒக்காந்து அரிசி பொடச்சுக்கிட்டு இருப்பா. தூரத்துல வச்சே கண்டுக்கிருவா சார், அவளும் இதப் பாத்து வளந்தவதான. சட்டக் கைய எறக்கிவிட்டுக்கங்க.

இன்னுங் கொஞ்சம். ஆங், போதும். எங்கப்பாவுக்கும் இம்புட்டுத்தான் எறக்கிவிட்டிருந்தான்.