சுருட்டுவதில் கெட்டிக்காரக் குடும்பம்

இந்த மணவிருந்துக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் வெர்செல்லி அரிசி மண்டி அதிபர், மாப்பிள்ளையின் தந்தை அல்தெமாரோ அவர்களே! அலைகடலை அடுக்களைபோல் ஆண்டுவரும் கமோலிக் கரைப் பெரியோர்களே! வலை முடிந்த கையோடு வாழ்த்த வந்திருக்கும் தாய்மார்களே! மணமக்களே! பெண்ணின் சித்தி எர்சீலியாவின் வணக்கம்.

ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்தேன். இம்ப்ரோலியோ! நூல் சிக்கினால் இம்ப்ரோலியோ. நாலு பேர் வம்பில் நாம் போய் மாட்டிக்கொண்டால் இம்ப்ரோலியோ. ஊரான் பணத்தைச் சுருட்டினால் அதுவும் இம்ப்ரோலியோ! காற்று முற்றும்போது படகுப் பாயைக் கயிறு இழுத்துச் சுருட்டுகிறோமே, அந்தக் கயிற்றுக்கு என்ன பெயர்? பின்வரிசை சொல்லிவிட்டது, அதே இம்ப்ரோலியோ! சிக்கலுக்கும் மோசடிக்கும் உயிர் காக்கும் கயிற்றுக்கும் ஒரே பெயர் வைத்தவன் எவன்? ஏன் வைத்தான்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

இரு வீட்டாரும் எங்கள் வீட்டில் முதன்முதலாகச் சேர்ந்து உண்ட அன்று, என் அக்காள் கணவர் புரோஸ்பெரோ ஒயின் தந்த உற்சாகத்தில், "எங்க குடும்பமே இம்ப்ரோலியோவுல கெட்டி, சம்பந்தி. எங்கப்பா சுருட்டுற வேகத்துக்கு இன்னிக்கும் ஆள் கிடையாது" என்றார். வயலும் வாய்க்காலும் தவிர வேறு நீர் அறியாத நம் அல்தெமாரோவுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? முள்கரண்டியைக் கீழே வைத்தார். மோசடிக்காரர் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று மகனைக் கையோடு எழுப்பினார். நாங்கள் விளக்க விளக்க, அதுவும் மோசடியாகவே ஒலித்தது! மணப்பெண், எங்கள் நிவேஸின் முகம் வெளுத்துவிட்டது.

ஆனால் நம் குடாவுக்குச் சாலை ஏது? கோபித்துக்கொண்டவரும் எங்கள் படகில்தானே ஏறவேண்டும்! சிரிக்காதீர்கள், அவர் முன்னால்தான் அமர்ந்திருக்கிறார்.

முனையைத் தாண்டியதும் காற்று திசைமாறி அறைந்தது. படகு சாய்ந்தது. சுக்கான் பிடித்திருந்த நிவேஸ் தலைக்கு மேலே தொங்கிய கயிற்றைக் காட்டி, "மாமா, அந்த இம்ப்ரோலியோவ இழுங்க" என்றாள். இழுத்தார். அவ்வளவு பெரிய பாயும் மடமடவென்று சுருண்டு ஒடுங்கியது, படகு நிமிர்ந்தது. கயிற்றை விடாமலே அவளிடம் கேட்டார்:

"உங்கப்பா சொன்னது இதத்தானா?"

"இதேதான், மாமா."

அன்பர்களே! யாரோடும் சிக்காமல் வாழ்ந்தவர் உண்டா? சிக்காமல் நேசித்தவர் உண்டா? சிக்கிய இடத்திலேதானே கைகொடுக்க ஆளும் இருக்கிறது!

படகைத் திருப்பி வந்து கரையேறியதும் புரோஸ்பெரோவிடம் அல்தெமாரோ சொன்னதைச் சொல்லி முடிக்கிறேன். "சம்பந்தி, நானும் சுருட்டிட்டேன். இனி எம்மகனையும் உங்க இம்ப்ரோலியோவுல சேத்துக்குங்க."

நெத்திலி ஆறுகிறது. கேட்டவர்களுக்கு நன்றி, சிக்கியவர்களுக்கு வாழ்த்து, அனைவருக்கும் வணக்கம்!