ஏன் என்ற இடத்தில் ஒரு வரி

இப்போதெல்லாம் யாரும் ஒரு வேலையைச் செய்தோம், போனோம் என்று இருப்பதில்லை. எதைச் செய்தாலும் எழுதி வைக்கிறார்கள். யார் செய்தது, எத்தனை மணிக்கு, ஏன். எழுதாதது நடக்கவே இல்லை என்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. நீங்கள் கேட்டீர்கள், சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

கோகிலா என் மகள் வயிற்றுப் பேத்தி. கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறாள். எங்கள் மலையில், குண்டூர் நாட்டில், ஊருக்கும் தோட்டங்களுக்கும் நடுவே ஓர் ஓடை, அதில் ஒரு தரைப்பாலம். தண்ணீர் ஏறினால் கத்துகிற சைரனைச் செய்து கம்பத்தில் மாட்டியவள் அவள்தான். நாலு அடி ஏறினால் கத்தும். நாலு என்று சொன்னவன் நான். அஞ்சு அடியில் பாலத்துத் தண்ணீர் ஆளை இழுத்துவிடும் என்பதை நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அவள் வேலையில் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். பழைய வரியைச் சிவப்பிலும் புது வரியைப் பச்சையிலும் வைத்துப் பார்ப்பாள். ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதுவாள். அப்புறமும் அனுப்ப மாட்டாள். இன்னொருவர் பார்த்துப் பொத்தானை அமுக்க வேண்டும். அந்த இன்னொருவர் நான். மூணாவதோடு நின்றவனுக்கு இது எதற்கு என்று கேட்டேன்.

“கம்ப்யூட்டர் எனக்குத் தெரியும். ஓடை உங்களுக்குத்தானுங்க தெரியும், அப்புச்சி.”

ஐப்பசியில் பக்கத்துத் தோட்டத்து மாதேஸ்வரன் வந்தான். சைரனில் மாடு மிரண்டு கயிற்றை அறுக்கிறதாம்.

“சேவலாச்சும் விடியறப்பக் கூவும் கண்ணு. உன்ற கம்பம் தூறல் விழுந்தாலே கூவுது.”

கோகிலா சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஆறு அடி வெச்சுக்கலாங்களா அப்புச்சி?”

சிவப்பில் நாலு, பச்சையில் ஆறு. எண் எனக்குப் படிக்கத் தெரியும். ஏன் என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்றாள். சும்மா சும்மா கத்துகிறது என்று எழுதச் சொன்னேன். பொத்தானை அமுக்கினேன்.

அந்த வரி சரியில்லை. சரியான வரி இது. இருபது வருடம் முன்னால் என் வீட்டுக்காரி கண்ணாயியைப் பாம்பு கடித்தது. தூளி கட்டி ரோடு வரைக்கும் தூக்க நாலு தோள் வேண்டும். மூன்றுதான் கிடைத்தது. மிளகு காய்கிறது, மழை வந்தால் போச்சு என்றான் மாதேஸ்வரன். வேறு ஆள் தேடி வருவதற்குள் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அதற்காக நான் அவனிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. வெற்றிலை கொடுத்து வாங்கிக்கொண்டுதான் இருந்தோம்.

பொத்தான் அமுக்கிய பதினோராம் நாள் நல்ல மழை. அதற்கு முன் பத்து நாளும் சாயங்காலம் பாலத்துக்கு மேலே மேட்டில் போய் நின்றேன். வயசானவன் காற்றாட நிற்பதில் என்ன இருக்கிறது. அன்றைக்கு அளவுக்கல்லில் தண்ணீர் அஞ்சைத் தொட்டிருந்தது. மாதேஸ்வரன் தோட்டத்திலிருந்து வந்தான். பாலத்தில் கால் வைக்கும் முன் கம்பத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்தான். அது சும்மா இருந்தது. நானும் சும்மா இருந்தேன். கூப்பிடு தூரம்தான்.

மறுநாள் அவனை ஓடையிலிருந்து எடுத்த கையோடு கோகிலா நாலுக்கு மாற்றிவிட்டாள். ஊர் அவளைத்தான் சொல்கிறது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு போட்டது தன் தப்புத்தான் என்று உங்களிடம் சொல்லியிருப்பாள், நம்ப வேண்டாம். பழைய ஆறை அழித்துவிடு சாமி என்று நானே கேட்டேன்.

“அழிக்க முடியாதுங்க அப்புச்சி. மேல இன்னொண்ணு எழுதலாம். அடியில இருக்கறது அப்படியேதான் இருக்கும்.”

மழை விட்டு இருபது நாளாகிறது. ஓடையில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. ஆனாலும் வெயிலில் சைரன் கத்துகிறது. கோகிலாவைப் பார்க்கச் சொன்னேன். தேதி தேதியாகத் தேடிவிட்டு, மழைக்கு அப்புறம் ஒரு தடவைகூடக் கத்தினதாகப் பதிவில் இல்லை என்றாள். ஓடை உங்களுக்குத்தான் தெரியும் என்றவள், நான் சொன்ன இதை மட்டும் நம்பவில்லை.

கைநாட்டு வைத்துவிட்டேன் ஐயா. ஜீப்பில் நானே ஏறிக்கொள்கிறேன், பிடிக்க வேண்டாம். நான் ஓர் எண்ணுக்குச் சரி சொன்னேன், அவ்வளவுதான். எச்சரிக்க வேண்டியது கம்பம். நீங்கள் எழுதியதை எத்தனை தரம் படித்துக் காட்டினாலும் எனக்கு ஒப்பவில்லை.

இதோ, இப்போதும் கத்துகிறது. அதை ஏன் எழுதாமல் இருக்கிறீர்கள்?